கேட்பில் பொது, காப்பில் மறைவு: மின்னணு இசையின் ‘நிலத்தடி – மைய நீரோட்டம்’ என்னும் பகுப்பும் மல்லாங்கிணற்று வட்டார மைக் செட் இசையும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னணு இசையின் சிறுவகைகள் ‘நிலத்தடி’ இசையா, ‘மைய நீரோட்ட’ இசையா என்னும் வினா மேலை நாடுகளின் பண்பாட்டு ஆய்வில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. தமிழில் இசை குறித்து எழுதுவோரும் இவ்விரு சொற்களை அண்மைக் காலமாகக் கையாண்டு வருகின்றனர். இப்பகுப்பு தமிழ்ச் சூழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை சோதிக்கிறது. திரையிசையில் மின்னணு ஒலி நுழைந்த வரலாறு, இந்தியாவிலும் புலம்பெயர் சூழலிலும் உருவான இரு இசைத்தொகுப்புகள், விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு வட்டாரத்தில் ஒலிக்கும் மைக் செட் இசை ஆகிய மூன்றும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. நிலத்தடி, மைய நீரோட்டம் என்பவை ஒலியின் இயல்புகள் அல்ல. கேட்போர் எண்ணிக்கையும் அவற்றைத் தீர்மானிப்பதில்லை. பெயரிடும் உரிமையும் காத்துவைக்கும் உரிமையும் யாரிடம் உள்ளன என்பதே அவற்றைத் தீர்மானிக்கிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மின்னணு இசை, நிலத்தடி, மைய நீரோட்டம், மைக் செட், உறுமி, வேத்தியல், பொதுவியல், ஒலி மாசுச் சட்டம்.

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள பேரூராட்சி மல்லாங்கிணறு. பங்குனி, சித்திரை மாதங்களில் இவ்வட்டாரத்து ஊர்களில் பொங்கல் விழா சாட்டப்பட்டுவிட்டால், சாமி புறப்படும் முன்பே ஊரில் பாட்டுப் புறப்பட்டுவிடும். மரத்தின் உச்சியிலும் மூங்கில் கம்பத்திலும் கட்டப்பட்ட கூம்புக் குழாய்கள் ஒருபுறம். சரக்கு வண்டியில் அடுக்கிய பெட்டி ஒலிபெருக்கிகள் மறுபுறம். விடியற்காலையில் பக்திப் பாடலாகத் தொடங்கும் ஒலி மாலையில் பழைய திரைப்பாடலாகவும், முளைப்பாரி ஊர்வலத்தின்போது உறுமியும் செயற்கைத் தாளமும் கலந்த துள்ளலிசையாகவும் மாறுகிறது.

இக்கடைசி வகையே இக்கட்டுரையின் பொருள். கணினியில் உருவாக்கப்பட்ட தாளச் சுற்று, வெட்டி ஒட்டிய குரல், செயற்கை அடியொலி, விரைவுபடுத்திய பாடல் என எவ்வகையில் நோக்கினும் இது மின்னணு இசையே. ஆயினும் தமிழில் மின்னணு இசை பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் சென்னையின் இரவு விடுதிகளையோ தனியிசைக் கலைஞர்களையோ சுட்டுவரேயன்றி இதைச் சுட்டுவதில்லை. நாட்டார் வழக்காற்றியலாரும் இதைத் தம் பொருளாகக் கொள்வதில்லை. ஓர் ஊர் முழுவதும் கேட்கும் இசை, இசை பற்றிய எழுத்தில் இடம்பெறாதிருக்கிறது. இது நிலத்தடி இசையா, மைய நீரோட்ட இசையா என்று வினவினால், வினாவிலேயே ஏதோ பிழை இருப்பது தெரிகிறது. அப்பிழையை இனங்காண்பதே நோக்கம்.

2. பகுப்பின் பிறப்பிடம்

‘நிலத்தடி’ என்னும் அடைமொழி மின்னணு இசைக்கு வந்து சேர்ந்த வழியை முதலில் காண்போம். சிகாகோவில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்கச் செய்தார். அங்குக் கூடியவர்களுள் பெரும்பான்மையோர் கறுப்பின, லத்தீன் இனத் தற்பாலீர்ப்பாளர்கள். அக்கூடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்னும் வகைப்பெயர் தோன்றியது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவர் ‘டெக்னோ’வின் முன்னோடிகளாயினர். மகிழுந்துத் தொழில் நலிந்துகொண்டிருந்த நகரத்தின் கறுப்பின இளைஞர்கள் அவர்கள்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. டெட்ராய்ட்டின் இசையை ‘டெக்னோ’ என்னும் பெயரில் உலகம் அறியச் செய்தது 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டு. அச்சொல்லை டெட்ராய்ட் இளைஞர்கள் முன்பே கையாண்டிருந்தாலும், அது ஒரு வகைமையின் பெயராக நிலைபெறுவதற்குக் கடல் கடந்த சந்தை ஒன்று தேவைப்பட்டது. நிலத்தடி என்று போற்றப்படும் இசையும் அச்சு, இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றின் துணையின்றி அப்பெயரைப் பெறவில்லை.

சாரா தார்ன்டன் 1995இல் வெளியிட்ட ‘கிளப் கல்ச்சர்ஸ்’ என்னும் நூலின் மையக் கருத்தும் இதுவே. நிலத்தடிப் பண்பாடு ஊடகங்களுக்கு வெளியே தூய்மையாகத் தோன்றிப் பின்னர் ஊடகங்களால் கெடுக்கப்படுகிறது என்னும் நம்பிக்கையை அவர் மறுத்தார். துண்டறிக்கை முதல் நாளிதழ் வரை பலவகை ஊடகங்களும் அப்பண்பாட்டைத் தொடக்கத்திலிருந்தே உருவாக்குகின்றன என்றார். ‘மைய நீரோட்டம்’ என்பது, தம்மை உயர்ந்த சுவையினராகக் கருதும் இளைஞர்கள் பிறரைச் சுட்டக் கற்பித்துக்கொண்ட ஓர் உருவம் என்பதும் அவர் முடிபு. பியர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனக் கருத்தைப் பின்பற்றி இதனை ‘உட்பண்பாட்டு மூலதனம்’ என அவர் விளக்கினார்.

தார்ன்டனின் விளக்கம் வலுவானது. எனினும் அதில் ஒரு முன்னனுமானம் உண்டு. அவர் ஆராய்ந்த இளைஞர்கள் தம் இசைக்குப் பெயரிடும் ஆற்றல் பெற்றவர்கள். அவர்களுக்கென இதழ்கள் இருந்தன. பெயரிடும் வாய்ப்பே இல்லாத ஓர் இசைச் சமூகத்தை அவருடைய கோட்பாடு கொண்டு எவ்வாறு விளக்குவது என்னும் வினா எஞ்சுகிறது.

3. தமிழில் மின்னணு ஒலி வந்த வழி

மேலை நாடுகளில் மின்னணு நடன இசை ஓரத்தில் தோன்றி மையத்தை நோக்கிச் சென்றது என்பது வழக்கமான கதை. தமிழில் இக்கதை தலைகீழாக நிகழ்ந்தது. இங்கு மின்னணு ஒலியைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்தது திரையிசையே.

மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான ‘மிடி’ என்னும் பொதுநெறி 1983இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி இசையமைப்பைக் கையாண்டார். கணினி இசை என்பதே அப்படத்தின் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் வந்த ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாடலும் செயற்கை ஒலிகளால் கட்டப்பட்டதே. அக்காலத்தில் திலீப் என்னும் பெயரில் இளையராஜா குழுவிலும் விசைப்பலகை வாசித்த ஏ.ஆர். ரகுமான், 1992இல் ‘ரோஜா’ வழியாக இசையமைப்பாளராக அறிமுகமானார். அடுத்த ஆண்டு வெளியான ‘திருடா திருடா’வின் பாடல்களில், அன்று ஐரோப்பிய நடனக்கூடங்களில் ஒலித்த தாள அமைப்பிற்கு மிக நெருங்கிய அமைப்பைக் கேட்கலாம்.

ஆகவே, மாடு மேய்ப்பவரும் தீப்பெட்டி ஒட்டுபவரும் மின்னணு ஒலியை முதன்முதலில் கேட்டது திரைப்பாடலில்தான். செயற்கை ஒலி அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். கலக ஒலியாக இருந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பிரிட்டனில் 1980களின் இறுதியில் இளைஞர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்த ஒலி, இங்கு இருவரும் ஒரே வானொலியில் கேட்ட ஒலியாயிற்று. தமிழில் மின்னணு இசை தொடக்கத்திலேயே மைய நீரோட்டமாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை. எனில், இங்கு நிலத்தடி எங்கே அமைகிறது என்பதே அடுத்த வினா.

4. ஒரே ஒலி, வேறு பெயர்கள்

இவ்வினாவுக்கு விடை காணும் முன், ஓர் ஒலியின் பெயர் எவ்வாறு இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மாறுகிறது என்பதை இரு சான்றுகளால் காணலாம்.

முதலாவது, பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பதிவுசெய்த இசைத்தொகுப்பு. பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தின் மேல் செயற்கை இசைக்கருவிகளால் அவர் வாசித்தார். ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்–8, டிபி–303, டிஆர்–808 ஆகியவை அவர் பயன்படுத்திய கருவிகள். அதை வெளியிட்டது நாட்டின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனமான கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. தொகுப்பு விற்பனையாகவில்லை, மறக்கப்பட்டது. 2010இல் ஐரோப்பாவில் மறுவெளியீடு பெற்றபோது, 1987இல் சிகாகோவில் வெளியான ‘ஆசிட் ஹவுஸ்’ இசையை ஐந்தாண்டுகள் முந்திய படைப்பு என்று அது கொண்டாடப்பட்டது. மைய நீரோட்ட நிறுவனம் ஒன்றின் தோல்வியடைந்த சரக்கு, கால் நூற்றாண்டுக்குப்பின் நிலத்தடியின் முன்னோடிப் படைப்பாயிற்று. இடையே ஒலியில் எம்மாற்றமும் நிகழவில்லை.

இரண்டாவது சான்று தமிழுக்கு மிக நெருக்கமானது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, சிறு வயதில் இலங்கையில் வளர்ந்து, போர்ச் சூழலில் மீண்டும் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் 2005இல் ‘அருளர்’, 2007இல் ‘கலா’ ஆகிய தொகுப்புகளை வெளியிட்டார். முன்னது தந்தையின் இயக்கப்பெயர். பின்னது தாயின் பெயர். தமிழில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்னும் சொல்லுக்குப் பொதுவழக்கில் முதலில் தோன்றும் பொருள் ‘தலைமறைவு’ என்பதே என நினைவுகூர்ந்தால், இப்பெயரீட்டின் அழுத்தம் விளங்கும். ‘கலா’ தொகுப்பிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ என்னும் பாடல் உறுமியின் முழக்கத்தின்மேல் கட்டப்பட்டது. அத்தொகுப்பின் முதற்பாடல், ‘தளபதி’ (1991) படத்திற்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலித்துணுக்கைக் கொண்டுள்ளது. மேலை நாட்டு விமரிசகர்களுக்கு இது புதுமையும் ஓரத்தின் குரலும் ஆகும். அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது.

உறுமி தென்மாவட்டக் கோயில் விழாக்களில் பழகிய ஒலி. தேவராட்டத்திற்கு வாசிக்கப்படும் தேவதுந்துபியும் உறுமி இனத்ததே. ஊர்த்தெருவில் பொதுவானது லண்டனில் நிலத்தடியாகிறது. ரஜினிகாந்த் படப்பாடல் அங்கே ஓரத்தின் குரலாகிறது. ஒலிக்குள் இப்பெயர்கள் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆனால், இவ்வாறு பெயர் மாறும் பயணத்தில் யாருடைய பெயர் முன்னிற்கிறது, யாருடைய பெயர் மறைகிறது என்பது கேட்கப்பட வேண்டியது. தொகுப்புக்குப் பெயருண்டு, பாடியவருக்குப் பெயருண்டு, உறுமி வாசித்தவரைக் கேட்போருள் எத்தனை பேர் அறிவர்?

5. மைக் செட்: கருவியும் இசையும்

தென்மாவட்டங்களில் ‘மைக் செட்’ என்றும் ‘ரேடியோ செட்’ என்றும் வழங்கும் ஒலிபெருக்கி அமைப்பு, பாட்டைக் கொண்டுசெல்லும் வெறும் குழாய் அன்று. அது இசையை உருவாக்கும் கருவியுமாகும். இதனைக் கூம்பும் பெட்டியும் தமக்குள் கொண்ட வேறுபாட்டால் விளக்கலாம்.

கூம்பு ஒலிபெருக்கி மனிதக்குரல் அடங்கும் இடைநிலை அதிர்வெண்களை நெடுந்தொலைவு வீசும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழொலிகளை அதனால் எழுப்ப இயலாது. எனவே, குழாய் ஒலித்த காலத்தில் கணீரென்ற குரலும் நாகசுரமும் கிளாரினெட்டும் கொண்ட பாடல்களே அதற்கு ஏற்றவையாயின. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் குழாயில் ஒலிக்கும்போது பெறும் கூர்மையைப் பிற கருவிகளில் பெறுவதில்லை. விவசாயக் காட்டில் இருப்பவருக்கும் ஊரில் விழா தொடங்கியதை அறிவிப்பது அதன் பணி.

பெட்டி ஒலிபெருக்கி வந்தபின் நிலை மாறியது. அது தாழொலியை உடலில் உணருமாறு தருகிறது. ஆனால் தொலைவு செல்வதில்லை. அறிவிக்கும் இசை ஆடவைக்கும் இசையாயிற்று. இங்குதான் கலவை இசை பிறக்கிறது. இக்கலவைகளை ஆக்குவோர் எஃப்.எல். ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களைக் கையாளுகின்றனர். பழைய பாடலின் வேகத்தைக் கூட்டுகின்றனர். அதன் தாழொலியைக் குறைத்துவிட்டுப் புதிய அடியொலியை வைக்கின்றனர். உறுமி, பம்பை, தவில் ஆகியவற்றின் ஒலித்துணுக்குகளைச் சுற்றாக்கி மேலிடுகின்றனர். இடையிடையே கலவை செய்தவரின் புனைபெயரையோ ஒலியமைப்பு நிலையத்தின் பெயரையோ எதிரொலியுடன் ஒலிக்கச் செய்கின்றனர்.

இது வெறும் ஒட்டுவேலை என்று கருதுவோர் அதன் தாளத்தைக் கவனிக்க வேண்டும். திரைப்பாடல்கள் பலவும் சதுஸ்ர நடையில் அமைந்தவை. குத்துத் தாளம் பெரும்பாலும் திஸ்ர நடையில் நடப்பது. நான்காகப் பகுக்கப்பட்ட அடியின்மேல் மூன்றாகப் பகுக்கப்பட்ட அடியை ஏற்றும்போது, பாடலின் சொற்கள் விழும் இடம் பிசகும். அப்பிசகைத் தீர்க்கச் சொல்லை வெட்ட வேண்டும், நீட்ட வேண்டும், அல்லது அப்பிசகையே சுவையாக்க வேண்டும். நல்ல கலவையில் பல்லவியின் முதற்சொல் மட்டும் மும்முறை திரும்ப ஒலித்து, கேட்போர் அடுத்த சொல்லை எதிர்நோக்கியிருக்கும் வேளையில் உறுமி நுழைகிறது. நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் ஒன்றையொன்று உசுப்பும் முறையின் கணினி வடிவமே இது.

உறுமியின் இடமும் கருதத்தக்கது. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் தாழொலி ஓரிடத்தில் நில்லாது வழுக்கிச் செல்லும். அவ்வழுக்கல் செயற்கை அடியொலியின் வழுக்கலோடு எளிதில் இசைகிறது. கலவை இசையில் உறுமி நாட்டுப்புற அணிகலனாக ஒட்டவைக்கப்படவில்லை. அடியொலியின் பணியையே அது பகிர்ந்துகொள்கிறது. மேலை மின்னணு இசைக்கும் தென்தமிழ் மேளத்திற்கும் இடையிலான உண்மையான ஒலியியல் உறவு இங்கே அமைந்துள்ளது. அது பெருநகர அரங்கில் அறிவித்து நிகழ்த்திய இணைவு அன்று. தெருவில், கூலிக்கு நிகழ்ந்த இணைவு.

6. சட்டம் செய்யும் பகுப்பு

இவ்விசைக்கு ஆய்வுலகம் பெயரிடவில்லை, சட்டம் பெயரிட்டுள்ளது. அப்பெயர் ‘இரைச்சல்’.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என எல்லை வகுக்கப்பட்டது. எழுத்துமூல அனுமதியின்றி ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் அதற்கு இடமில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வளிக்கலாம். உச்சநீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பு இந்நெறிகளை வலுப்படுத்தியது. அத்தீர்ப்பு ஒலிபெருக்கியையும் பட்டாசையும் ஒருங்கே ஆராய்ந்தது என்பது விருதுநகர் மாவட்டத்தாருக்குத் தனிப்பொருள் உடையது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் இவ்வளவு டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது எனச் சிவகாசி வெடிக்கு 1999இல் வகுத்த எல்லையும், மல்லாங்கிணற்றுத் தெருவின் பாட்டுக்கு வகுத்த எல்லையும் ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இச்சட்டங்களின் தேவையை மறுப்பதற்கில்லை. நோயாளிகளும் குழந்தைகளும் தேர்வுக்குப் படிப்போரும் உறங்க வேண்டும். இங்குச் சுட்டுவது வேறொன்று. பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், திறந்தவெளி இரவு நடனங்களைத் தடுப்பதற்காக, திரும்பத்திரும்ப வரும் தாளவடிகளைக் கொண்ட ஒலி என்று ஓர் இசைவகையையே சட்டமொழியில் வரையறுத்தது. அதனால் அவ்விசை ஒடுக்கப்பட்டது. அதனாலேயே அது இசையாகவும் அறியப்பட்டது. எதிர்ப்பு ஊர்வலங்களும் கட்டுரைகளும் நூல்களும் எழுந்தன. இந்திய விதிகளோ டெசிபலை மட்டுமே அறியும். இசைவகை எதையும் அவை குறிக்கவில்லை. ஆகவே இங்கு ஓர் இசை தடுக்கப்படும்போது, தடுக்கப்பட்டது ஓர் இசை என்னும் செய்தியும் பதிவாவதில்லை.

பதிப்புரிமைச் சட்டம் மற்றொரு முரணை உண்டாக்குகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளின்போது இசைப்பதிவுகளைப் பொதுவில் ஒலிக்கச் செய்வதற்கு விலக்களிக்கிறது. திருமண ஊர்வலத்தையும் அது உள்ளடக்கும். எனவே சாமி ஊர்வலத்தில் திரைப்பாடல் ஒலிப்பது உரிமைமீறல் ஆகாது. ஆனால் அப்பாடலை வெட்டிக் கலவை செய்து இணையத்தில் ஏற்றினால் அவ்விலக்கு துணை நிற்பதில்லை. உரிமையாளர் கோரினால் அது நீக்கப்படும். தெருவில் கேட்பதற்குத் தடையில்லாத இசை, சேமித்துப் பிறருக்கு அளிக்கப்படும் இடத்தில் தடைக்கு உள்ளாகிறது. கேட்பில் பொதுவாகவும் காப்பில் மறைவாகவும் உள்ள இந்நிலையையே இக்கட்டுரையின் தலைப்பு சுட்டுகிறது.

7. இரு மறுப்புகள்

இம்முடிபுக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். மூலப்பொருள் திரைப்பாடலாக இருப்பதால் இது மைய நீரோட்டத்தின் எதிரொலியே என்பது முதல் மறுப்பு. சிகாகோவின் நக்கிள்ஸும் பிறருடைய இசைத்தட்டுகளைக் கொண்டே தம் கலையை உருவாக்கினார். ஜமைக்காவின் ‘டப்’ இசையும் ஏற்கெனவே பதிவான பாடல்களைக் குடைந்து எடுத்ததே. மூலப்பொருளை வைத்து அவற்றை எவரும் எதிரொலி என்று தள்ளவில்லை. அங்குச் செல்லுபடியாகும் அளவுகோலை இங்கு மறுப்பதற்குக் காரணம் இல்லை.

இரண்டாம் மறுப்பு கடினமானது. நிலத்தடி இசை என்பது அதிகாரத்திற்கு எதிரானது. மைக் செட் இசை அவ்வாறில்லை என்பர். இது பெரும்பாலும் உண்மை. தென்மாவட்டங்களில் சாதிப் பெருமை பேசும் பாடல்களும் தலைவர்களைப் புகழும் பாடல்களும் இதே கலவை வடிவில் ஒலிக்கின்றன. எந்தத் தெருவில் எந்தப் பாட்டு ஒலித்தது என்பது மோதலுக்குக் காரணமாவதும் உண்டு. பெட்டியின் முன் ஆடும் உரிமை பெரும்பாலும் ஆண்களுக்கே. பறையும் உறுமியும் வாசித்தோரைச் சாதி இழிவோடு நடத்திய சமூகம், அவர்களுடைய ஒலியின் துணுக்கைக் கணினியில் ஏற்றியபின் இழிவின்றி ஆடுகிறது. ஒலியை ஏற்று ஒலித்தவரை விலக்குகிறது. நேரில் வாசிப்போரின் விழாக்கால வருவாய்க்கும் பெட்டி போட்டியாகிறது.

இவை இவ்விசையைப் புகழ்வதற்குத் தடைகள், ஆராய்வதற்குக் காரணங்கள். நிலத்தடியில் இருப்பதெல்லாம் விடுதலை சார்ந்தது என்னும் எண்ணம், அச்சொல் சுமந்துவந்த கற்பனை. மறைந்திருப்பது வேறு, எதிர்த்து நிற்பது வேறு. தமிழில் எதிர்த்து நிற்கும் இசை வெளிப்படையாகவே நின்றுள்ளது. பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவாகி 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பெரிய மேடையில் பாடியது. அறிவும் தீயும் பாடி 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ தனியிசைப் பாடலாயினும் திரைப்பாடல்களுக்கு நிகராகப் பரவியது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது கடும் விவாதத்திற்கு உள்ளானது. மையத்திற்கு வந்தபின்னும் பெயர் மறையலாம் என்பதை அவ்விவாதம் காட்டியது. பரவலும் பெயரும் இருவேறு பொருள்கள்.

8. மரபுச் சொற்கள் தரும் ஒளி

மேலைச் சொற்கள் இடறும் இடத்தில் தமிழ் மரபின் பகுப்புகளை நினைவுகூர்வது பயன்தரும். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் இருவகைக் கூத்தை விளக்குமிடத்து எடுத்துக்காட்டும் இணைகளுள் ஒன்று வேத்தியல், பொதுவியல் என்பது. வேந்தன் முன் ஆடுவது வேத்தியல். எல்லோர்க்கும் ஆடுவது பொதுவியல். கேட்போர் எத்தனை பேர் என்பதை இப்பகுப்பு அளக்கவில்லை. அவையின் தன்மையையே அது நோக்குகிறது. யார் முன் நிகழ்கிறது, யாருடைய ஒப்புதலால் நிகழ்கிறது என்பவை அதனுள் அடங்கியுள்ளன.

இதனைக் கொண்டு நோக்கினால் நம் பொருள் தெளிவாகிறது. திரையிசை கோடிக்கணக்கானோர் கேட்பினும், நிறுவனத்தின் முதலீடும் தணிக்கையும் பதிப்புரிமையும் காத்துநிற்பதால் ஒருவகை வேத்தியல். நகர அரங்குகளில் நுழைவுச்சீட்டுடன் நிகழும் தனித்துவ மின்னணு இசை, கேட்போர் சிலரேயாயினும், இதழும் விமரிசனமும் புரவலரும் உடைமையால் அதுவும் வேத்தியலே. இவ்விரண்டுக்கும் இடையில்தான் நிலத்தடி, மைய நீரோட்டம் என்னும் வழக்கு நடைபெறுகிறது. அவ்வழக்கு வேத்தியலுக்குள் நிகழும் உள்வீட்டுப் பூசல். மைக் செட் இசை பொதுவியல். அது அவ்வழக்கில் வாதியும் அன்று, பிரதிவாதியும் அன்று.

ஆயினும் மரபுப் பகுப்பையும் அப்படியே ஏற்பதற்கில்லை. பொதுவியல் என்று பெயரிட்ட உரையாசிரியர்கள் அதன் விவரங்களை வேத்தியலுக்கு நிகராக விரிக்கவில்லை. நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை வெளியிட்டபோதும், கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டியபோதும் சரிசெய்ய முனைந்தது இவ்வகை இடைவெளியையே. மல்லாங்கிணறு தந்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைகளால் இக்கரிசல் மண்ணின் பேச்சும் சடங்கும் அச்சேறியுள்ளன. அதே மண்ணின் இன்றைய ஒலி மட்டும் அச்சேறவில்லை. கருவி மின்னணுவானதும் அது நாட்டார் வழக்காறு அன்று என்று நாம் முடிவுசெய்துவிட்டோம்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நிலத்தடி, மைய நீரோட்டம் என்பவை ஒலியின் இயல்புகள் அல்ல. சரண்ஜித் சிங்கின் ராகங்களும் எம்.ஐ.ஏ.வின் உறுமியும் மாறாமலே பெயர் மாறின.

இரண்டாவது, தமிழ்ச் சூழலில் மின்னணு இசை திரையிசை வழியாக மையத்திலிருந்தே பரவியமையால், ஓரத்திலிருந்து மையம் நோக்கிய மேலைக் கதையை இங்குப் பொருத்துவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

மூன்றாவது, மிகுதியாகக் கேட்கப்பட்டும் குறைவாகக் காக்கப்படும் ஓர் இசை தென்மாவட்டங்களில் உள்ளது. அதனை மறைத்துவைத்திருப்பது அதன் சுவைஞர்கள் அல்லர். பெயரிடாத ஆய்வும், டெசிபலை மட்டும் அறிந்த சட்டமும், சேமிப்பை மட்டும் தடுக்கும் உரிமைமுறையுமே.

இம்மூன்றாம் முடிபில் ஓர் அவசரம் உண்டு. கைப்பேசிக் கடைகளில் நினைவட்டைகளில் பாட்டு ஏற்றித்தந்த காலத்துக் கலவைகளுள் பல இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. எஞ்சியவை ஒலியமைப்பாளர்களின் வன்தட்டுகளில் உள்ளன. வன்தட்டு பழுதானால் அவையும் இல்லை. கிராமபோன் தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் வெறும் சந்தைச் சரக்கென்று ஒதுக்காமல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை காத்தமையால்தான் இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை இன்று எழுத முடிகிறது. அதே கடமை இப்போது நாட்டார் வழக்காற்றியல் துறைகளின் முன் உள்ளது. ஒலியமைப்பாளர்களிடமும் கலவை செய்வோரிடமும் நேர்காணல் வேண்டும். கலவைகளைப் படியெடுத்து, ஆண்டும் ஊரும் விழாவும் குறிக்க வேண்டும். துணுக்குகளில் ஒலிக்கும் உறுமியையும் பம்பையையும் வாசித்தவர்கள் யாவர் என்று தேடி, அவர்தம் இசைவோடு பெயர்களைப் பதிய வேண்டும். சாதி மோதலுக்குக் காரணமான பாடல்களையும் விட்டுவிடாமல் சேர்த்துவைக்க வேண்டும். அவை இல்லாத ஆவணம் பொய்யாகும். இப்பணி ஓர் ஊரின் ஒரு பங்குனி விழாவிலிருந்து தொடங்கக்கூடிய அளவினதே.